சீனியைச் சாகடித்த இலை

இன்று காலை புலாவ் செபாங் பசாரில் ஒரு மூலிகைக்காரர், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியான என் வீட்டுக்காரரிடம் சிறுகுறிஞ்சான் இலையைக் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னார். மென்று முடித்ததும் மூலிகைக்காரரே ஒரு கரண்டி சீனியை அவர் வாயில் போட்டார்.

"இனிக்குதா கிராணி ஐயா?"

"இல்லையே. மணல் மாதிரி இருக்கு."

"சீனி செத்துப்போச்சு. இனிப்பு நீரும் இப்படித்தான் போயிரும். இனி ஊசி எதுக்குலா?"

தினமும் இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஊசி போட்டுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வார்த்தை வேறு உண்டா? ஒரு கட்டு இலையோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நேரே வீட்டுக்கு நடந்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் நானும் ஓர் இலையை மென்று சீனியைப் போட்டுப் பார்த்தேன். இனிக்கவில்லை. எனக்கோ அந்த வியாதியே கிடையாது.

"இந்த எல நாக்கத்தான் ஏமாத்துது," என்றேன்.

"ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். சற்றுமுன் அவர் சிறுநீர் கழிக்க ஒதுங்கிய இடத்தை நோக்கி எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஊசிக்குக் கிளம்பினார். இலையைத் தின்னலாமா என்று ஆஸ்பத்திரியில் ஊசி போடும் டிரெஸரையே கேட்கட்டும் என, இலைக் கட்டையும் கையில் கொடுத்தனுப்பினேன்.

மூலிகைக்காரர் எறும்புக்கு இலை கொடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. உங்கள் வீட்டுக் கொல்லை எறும்புகள் என்ன சொல்கின்றன?