கக்கூஸ் வாசலில் ஒரு மூடி

சிலோனிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. இங்கே பிள்ளைகளுக்குப் பாத்ரூம் வரும். நேற்றுகூட கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஒரு சிறுமி, "அம்மா, பாத்ரூம் வருது" என்று அழ ஆரம்பித்தாள். பைன் மரங்கள் நிற்கிற ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அங்கே அறையும் இல்லை, குளிக்கத் தண்ணீரும் இல்லை, மூடுபனி மட்டும் இருந்தது. பஸ்ஸில் ஒருவருக்கும் அந்தப் பேச்சு வேடிக்கையாகத் தெரியவில்லை. அறை எப்படி ஆளைத் தேடி வரும் என்று பதினொரு வயதில் யோசித்தவன், ஐம்பத்துச் சொச்சத்திலும் அதையே யோசித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சமீப காலமாக எதைத் தொட்டாலும் எனக்கு அயர்ச்சியாக இருக்கிறது. இந்த மாதிரிச் சில்லறை யோசனைகள்தான் பொழுதைத் தள்ளுகின்றன.

அங்கே தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இன்னும் இருக்கிற சொந்தங்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி வந்து இந்த மலையில் ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கக்கூஸைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லையா என்று கேட்காதீர்கள். என் பிழைப்பே அதுதான். நான் பிளம்பர். போளூர்ப் பாதையில் மழைக்காளான் மாதிரி முளைக்கிற காட்டேஜ்களுக்குக் கோப்பை வைத்து, பைப் இழுத்துக் கொடுக்கிறேன். சென்னையிலிருந்து வருகிறவர் ரெஸ்ட்ரூம் என்பார். பெங்களூர்க்காரருக்கு அது வாஷ்ரூம். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு டாய்லெட். பஞ்சாயத்துப் போர்டில் கழிப்பறை. கீழே அய்யம்பாளையத்தில் பிறந்த என் மனைவி செல்விக்கு லெட்ரின். எந்தப் பெயரைச் சொன்னாலும் அடியில் போவது அதே நாலு இஞ்ச் பைப்தான்.

நமக்கு அங்கே இத்தனை பெயர் இல்லை. பதுளை பஸ் ஸ்டாண்டு போர்டில் சிங்களத்தில் வெசிகிலிய என்றும் தமிழில் மலசலகூடம் என்றும் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்த என்னைத் தவிர வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்குக் கக்கூஸ். லயத்துக்குக் கீழே, நாற்பது படி இறங்கினால், தகரக் கூரை போட்ட ஒரு வரிசை. கதவு இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் கேட்டு எத்தனையோ தடவை தோட்டத்துத் தொரையிடம் போனதாக அம்மா சொல்வார். அதனால் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பால் பவுடர் வருகிற பால்மா டின்னில் தண்ணீர் கொண்டுபோவார்கள். டின் உள்ளே போகும், அதன் மூடியை வாசற்படியில் வைத்துவிடுவார்கள். மூடி கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, தள்ளி நில். மூடி ரொம்ப நேரம் கிடந்தால் அடுத்து நிற்கிற பெண் வெளியிலிருந்து குரல் கொடுப்பாள்: "என்ன புள்ள, சொகமா இருக்கியா?" உள்ளே இருப்பவள் தானாகச் சத்தம் போடக் கூடாது. ஆண்கள் படியில் இறங்கி வருவார்கள் இல்லையா, அதனால். அந்த நாற்றத்தை நினைத்து எனக்கு ஏக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. மூடி மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

இந்தப் பக்கம் வந்தபோது கக்கூஸே இல்லை. மேல்மலையில் வாட்டில் மரப் பட்டை உரிக்கிற வேலைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். முதல் நாள் அம்மா பக்கத்துக் குடிசைப் பெண்ணிடம் தயங்கித் தயங்கி, "கக்கூசு எங்கிட்டும்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் மலையைக் கை காட்டி, "இம்புட்டுக் காடு கெடக்குல்ல" என்றாள். அவள் கேலி செய்யவில்லை, வழிதான் சொன்னாள். காட்டுக்குப் போறேன், வெளிக்குப் போறேன், ஒதுங்கிட்டு வாறேன், வாய்க்காப் பக்கம் போறேன். இந்த ஊர்ப் பேச்சு ஒன்றிலும் அந்தக் காரியம் இல்லை, திசை மட்டும் இருக்கும். வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் என்று பின்னால் ஃபாதர் ஒருவர் சொல்லிக் கேட்டேன். டாய்லெட் என்றால் பிரெஞ்சில் சின்னத் துணியாம், அலங்கார மேஜையில் விரிப்பது. லெட்ரின் லத்தீனாம், கழுவுகிற இடம். யாருக்கும் அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒன்று. எங்களைச் சிலோன்காரங்க என்று தள்ளி வைத்த ஊரில் கக்கூஸ் என்ற சொல்லை மட்டும் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அது எங்களுக்கு முன்பே இங்கே வந்து குடியேறியிருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று ஹாலந்துப் பெண்மணி ஒருவர்தான் சொன்னார். நான் வேலை பார்த்த காட்டேஜில் தங்கியிருந்தார், என் அம்மா வயது இருக்கும். நான் போனில் கடைக்காரரிடம் கக்கூஸ் கோப்பை பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் முகம் சிவந்து வெளியே வந்து, "கக்கூஸ்? கக்கூஸ்?" என்றார். அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நான் கம்பியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் ஓடிவிட்டேன். தண்ணீர் நன்றாகத்தான் போனது. அவர் சிரித்து முடித்து, கையைக் காலை ஆட்டி விளக்கினார். அது அவர்கள் சொல்லாம். கக் என்றால் அதுதான், நம் பிள்ளைகள் கக்கா என்கிறார்களே, அது. ஹவுஸ் மாதிரி ஒரு சொல் அதன் பின்னால், வீடு. பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூடாத சொல்லாம். சிலோனை ஆண்டபோது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒளித்துப் பேசாத ஒரே சொல்லை நாம் பிடித்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "அவுங்க விட்டுட்டுப் போனதுல அதுதானா நமக்குக் கெடைச்சுச்சு?" என்றார்.

எங்கள் வீட்டுக்கு அது கிடைக்க இன்னும் நாளாயிற்று. ஊருக்கு உபதேசம் என்கிற கதைதான். எங்கள் மேட்டுக்குத் தண்ணீர்க் குழாய் ஏறி வந்ததே போன வருஷம். வந்த கையோடு நானே கட்டினேன். அம்மாவுக்கு முட்டி மடங்காது என்று வெஸ்டர்ன் கோப்பை, வெள்ளை டைல்ஸ், உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்படியும் அதுவும் ஒரே செவுத்துலயா தம்பி? நம்ம லயத்துலகூட அப்புடி இல்லையே" என்றார். எட்டு மாதம் உள்ளே கால் வைக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில், கையில் பழைய பால்மா டின்னோடு வாட்டில் காட்டுக்குள் போவார். காட்டுமாடு கூட்டமாக இறங்குகிற காடு. செல்வி கெஞ்சிப் பார்த்தாள். நானும் கெஞ்சினேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவர் சேறும் சகதியுமாக வந்து நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஊருக்கெல்லாம் கக்கூஸ் கட்டுறவன் ஆத்தா காட்டுல ஒதுங்குதுன்னு எல்லாரும் சிரிக்கிறான்மா. என் மானம் போகுது" என்று கத்தினேன். அவர் டின்னைக் கழுவி, நூல் கோத்த அதன் மூடியோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பத்து மணி வாக்கில் செல்வியிடமிருந்து போன் வந்தது. "ஏங்க, அத்தையைக் காணோம். நான் வெள்ளனே பூண்டுப் பாத்திக்குப் போயிட்டு ஏழரைக்கு வந்தேன், அப்பயே ஆளு இல்லை. டின்னும் இல்லை. காட்டுக்குள்ள ரெண்டு நாளா மாடு நிக்குதுங்க. வெரசா வாங்க." கேரட் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஊர் ஆட்கள் கம்போடு காட்டுக்குள் இறங்கி, "ஏ ஆத்தா, ஏ ஆத்தா" என்று கூப்பிடும் சத்தம் வீடுவரை கேட்டது. செல்வி அழுது அழுது முகம் வீங்கி முற்றத்தில் நின்றாள். நான் ஆணியைப் பார்த்தேன். டின் இல்லை. மூடி மட்டும் தொங்கியது.

"மூடி எப்படி இங்க இருக்கு?"

"அதுவா? லெட்ரின் வாசல்ல கெடந்துச்சுங்க. காத்துல விழுந்திருக்கும்னு எடுத்து மாட்டினேன்."

அவள்மேல் என்ன தப்பு? எட்டு மாதமாக எட்டிப் பார்க்காத ஆள் இன்றைக்கா உள்ளே போகப் போகிறார்? இருபத்தைந்து வருஷமாக என்னோடு வாழ்கிறாள். அந்த மூடி எதற்கென்று நான் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. காட்டில் மூடிக்கு வேலையும் இல்லை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடுகிற பழக்கம் அவருக்கு ஏது? நான் கைப்பிடியைத் தொட்டு, "அம்மா" என்றேன். உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "நீ வராத. செல்வியை அனுப்பு."

ஈர டைல்ஸில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நாலு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார். ஊரே தன்னைக் கூப்பிட்டுக் கத்துவதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவத்துக்கு அந்தப் பக்கந்தான கத்திக்கிட்டுத் திரிஞ்சேன், ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல அத்தை?" என்று கேட்டாள்.

"ஆம்பளைங்க சத்தம் கேட்டுச்சு. துணி ஒழுங்கா இல்லை. உள்ள இருந்துகிட்டு எப்புடிம்மா கூப்புடுறது?" என்றார் அம்மா. பிறகு, "அதான் மூடி வெச்சிருந்தேனே. பாத்துட்டு யாராச்சும் பொம்பளை வந்து கேப்பாங்கன்னு இருந்தேன்" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். என் மானத்துக்காகத்தான் அவர் அன்றைக்கு அந்த அறைக்குள் போனார். அதை நான் யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? அன்று ராத்திரியே இல்லாவிட்டாலும், ஊர் திரும்பிய பிறகு மூடியின் கதையைச் செல்வியிடம் சொன்னேன். பாத்திரம் துலக்கியபடி கேட்டாள். முடிவில், "இதை முன்னாடியே சொல்ல ஒங்களுக்கு வாயில்லையா?" என்றாள். அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆபரேஷன் நடந்தது. நடை திரும்பவில்லை. அம்மா இப்போது முன்னறைக் கட்டிலில் இருக்கிறார். அவருக்காக நான் வைத்த வெள்ளைக் கோப்பையை நாங்கள் இரண்டு பேர் மட்டும் பயன்படுத்துகிறோம். அவருக்குப் பெட்பேன். அது ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்த பெயர். முதலில் அவர் எந்தப் பெயரும் சொல்ல மாட்டார், கண்ணைத் திருப்பி அடுப்படிப் பக்கம் பார்ப்பார், செல்வி ஓடி வருவாள். அவள் வயலில் இருக்கிற நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் என்னிடம் கேட்க மாட்டார்.

போன வாரம் காலையில் நான் கதவோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "செல்வி, பாத்ரூம் வருதும்மா."

நாற்பது வருஷத்தில் அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே சொன்னார். அவருக்கு இப்போது அது வரத்தானே செய்கிறது. செல்வி பெட்பேனும் வெந்நீருமாக வந்தாள். உள்ளே போகுமுன் திரும்பி, ஆணியிலிருந்த மூடியை எடுத்து அறையின் வாசற்படியில் வைத்தாள். நான் சொல்லி வைக்கவில்லை. பிறகு சேலைத் திரையை இழுத்துவிட்டாள். இரண்டு பேரும் உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அம்மா சிரித்த மாதிரிகூட இருந்தது.

மூடி கிடந்தால் தள்ளி நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். டம்ளரோடு முற்றத்தில் இறங்கினேன். தூறல் போட்டது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. மூடியை அவர்கள் எடுக்கும்வரை நனைந்துகொண்டே நின்றேன்.