பத்து மணிக்கே முடிந்துபோன தேர்வு

இரண்டு வருடங்களுக்கு முன், செய்யூரில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. நான் குடியிருப்பது கேளம்பாக்கத்தில். கம்பெனி ஒன்றில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நானும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து, ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை வாங்கி வந்து, செய்யூரில் ஒரு சின்ன அறையில் இலவசக் கணினி மையம் நடத்துகிறோம்.

எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான். ஆனால் லினக்ஸில் ஏகப்பட்ட வகைகள் உண்டு. ஐந்து பேருக்கும் ஐந்து வகை பிடிக்கும். எந்தக் கடை பிரியாணி நல்லது என்பது போலச் சண்டை போட்டு, கடைசியில் அவரவர் லேப்டாப்பில் அவரவருக்குப் பிடித்ததை ஏற்றினோம். ஒன்றில் உபுண்டு, ஒன்றில் ஃபெடோரா, இன்னொன்றில் நானே கேள்விப்படாத ஏதோ ஒன்று.

அங்கே ஒரு அக்கா படிக்க வந்தார். நிலத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். கல்யாணத்துக்கு முன்பே பி.காம். முடித்தவர், நாற்பதை நெருங்கும்போதுதான் வேலைக்குப் போகக் கிளம்பினார். "இந்த வயசுல இன்னாத்துக்கு" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவுக்கு ஆன்லைன் தேர்வு. முந்தைய நாள் பதிவு செய்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். பத்து மணிக்குத் தொடங்கும். கால் மணி நேரத்துக்குள் நுழையாவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது.

பத்து ஆனதும் அக்கா பொத்தானை அழுத்தினார். 'உங்கள் தேர்வு நேரம் முடிந்துவிட்டது' என்றது திரை.

"இன்னாம்மா இது, முடிஞ்சிட்ச்சினு காட்டுது. நான் அப்பவே வந்து குந்திகினு கீறனே" என்றார். குரல் உடைந்துவிட்டது. "வூட்ல சொன்னதுதான் சரி போல."

நானும் குனிந்து பார்த்தேன், திரையில் அதே வரிதான். ஆனால் லேப்டாப்பின் மூலையில் மணி சரியாகப் பத்து என்றே இருந்தது. மையத்தைத் திறந்து மூடுகிற அண்ணனிடம், யாராவது இதில் கை வைத்தார்களா என்று கேட்டேன்.

"காலைல தொறந்தா விடியாத நேரம் காட்டிகினு இருந்திச்சும்மா. நான்தான் செவுத்து கடியாரத்த பாத்து கரெக்டா வெச்சேன்" என்றார் பெருமையாக.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த லேப்டாப்பில் லினக்ஸை ஏற்றிய மகானுபாவன், அது எந்த ஊரில் இருக்கிறது என்று அதற்குச் சொல்லவே இல்லை. அது லண்டன் பக்கத்து உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது; நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அண்ணன் ஊரை மாற்றாமல் மணியை மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறார். உலகப் பொது நேரமே பத்து ஆகிவிட்டதென்றால் இந்தியாவில் பிற்பகல் மூன்றரை. தேர்வுப் பக்கம் லேப்டாப்பின் கடிகாரத்தையே நம்பியது; அதன் கணக்கில் தேர்வு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஊரை மாற்ற, ஆபீஸில் வழக்கமாக அடிக்கிற கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. இந்த வகையில் அது கிடையாது. நண்பனுக்கு போன் போட்டுத் திட்ட நேரமில்லை. கட்டளைகள் மாறினாலும் ஊர் நேரத்துக்கான கோப்பு இருக்கும் இடம் அநேகமாக மாறாது என்பது எனக்குத் தெரியும். நேராக அங்கே போய் நம் நேரத்தை இணைத்தேன். பட்டியலில் சென்னை இருக்காது, இந்தியா முழுவதுக்கும் கொல்கத்தா பெயரில் ஒரே நேரம்தான்.

மணி மூன்றரைக்குத் தாவியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கெட்டுப்போச்சேம்மா."

"இப்பதான்க்கா நம்ம ஊருக்கே வந்திருக்கு. மணிய மட்டும் பின்னால தள்ளணும், அவ்ளோதான்" என்றேன்.

தள்ளினேன். பக்கத்தை மறுபடி திறந்ததும் முதல் கேள்வி வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். நானும் அண்ணனும் வெளியே போய் நின்றுகொண்டோம். அண்ணனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லது செய்யத்தானே நினைத்தார்.

அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது தினமும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுகிறார். மறுவாரமே நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு வழியாகப் போய், எல்லா லேப்டாப்புகளையும் இந்திய நேரத்துக்குக் கொண்டுவந்தோம். சண்டை மட்டும் தீரவில்லை.

உன் நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னாலும் சரி, மனிதர்கள் சொன்னாலும் சரி, எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.