கோணல் தளம்

நான் தளம் போடுகிற மேஸ்திரி. இருபத்தைந்து வருடமாகக் கல் பதிக்கிறேன். என் வேலை எப்படி என்று அவனியாபுரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்; நான் சொல்வதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். வீட்டுக் கூடம், கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று எத்தனையோ போட்டாயிற்று. ஆனால் எனக்குப் பிறகும் ஜனங்கள் வந்து மிதிக்கிற ஒரு பெரிய கட்டடத்தில் என் கை படவில்லையே என்கிற ஏக்கம் இருந்தது.

அதனால்தான், எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி போன் செய்து, "அண்ணே, எங்க பள்ளிவாசல்ல தரை உள்வாங்கிருச்சு. மாத்திப் போடணும்ங்கிறாக. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றதும், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மதுரை ஊருக்கு நடுவே, பழைய தெருக்களுக்குள் இருக்கும் கல் பள்ளிவாசல் அது. வாசலை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். உள்ளே போனது அன்றுதான். செருப்பை விட்டு, தொட்டித் தண்ணீரில் கால் கழுவிப் படியேறியவன் அப்படியே நின்றுவிட்டேன். வரிசை வரிசையாக ஒற்றைக்கல் தூண்கள். எங்கள் கோயில் மண்டபத்தில் பார்க்கிற அதே தூண்கள்தான். கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, உச்சியில் வாழைப்பூ தொங்கும் போதிகை. யாளியும் சாமியும் வருகிற இடத்தில் மட்டும் கொடியும் தாமரையும் ஓடின. உருவம் இல்லாததால் கண் ஒரு தூணில் தங்காமல் அடுத்ததற்குப் போனது, அங்கிருந்து கடைசிச் சுவர் வரை போனது. மேலே பலகைக் கல் பரப்பிய கூரை. அத்தனை நீளக் கல்லைக் கிரேன் இல்லாத காலத்தில் ஏற்றி, இன்றுவரை ஒரு விரிசல் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்த, உள்ளே ஃபேன் இல்லாமலே குளிர்ந்தது. சந்தோஷத்தில் ஒரு தூணைத் தட்டிப் பார்த்தேன்.

பிறகுதான் தரையைப் பார்த்தேன். வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கடப்பாக் கல்லில் பட்டைகள், சுவருக்குச் சுவர். ஒன்றுகூடத் தூண் வரிசைக்கு நேராக இல்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடின. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"யாரு மாப்ள இதைப் போட்டவன்? குடிச்சிட்டுப் போட்டானா?" என்று கூட்டாளியிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஜமாஅத் தலைவரையும் விடவில்லை. "எங்கிட்ட விடுங்க பாய். தூணுக்கு நேரா நூல் பிடிச்சு, கோணலை எடுத்துத் தாரேன்."

கூட்டாளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அரிசி மண்டி வைத்திருக்கும் தலைவர் நிதானமான மனிதர். "வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க மேஸ்திரி" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போய் ஓரமாக நின்றேன். ஆட்கள் வர வர, ஒவ்வொருவராகக் குதிகாலைக் கறுப்புப் பட்டையில் வைத்துத் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். மண்டபம் நிறைந்தபோது அத்தனை பேரும் மேற்குச் சுவரைப் பார்க்காமல், அதற்கு வடக்கே கொஞ்சம் திரும்பி நின்றிருந்தார்கள். மக்கா அந்தப் பக்கம். பாய்மார்கள் மேற்கே பார்த்துத் தொழுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மதுரைக்காரனுக்குத் திசை என்றால் கோயிலைச் சுற்றிய தெருக்கள்தான். கட்டடம் தெருவுக்கு ஒத்து நின்றது. தரை மக்காவுக்கு ஒத்து ஓடியது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆசைப்பட்ட வேலை போயிற்று என்பது ஒரு பக்கம். முகம் தெரியாத ஒரு மேஸ்திரியைக் குடிகாரன் என்றேனே, அது அதைவிட உறுத்தியது. குனிந்து சுவரோரம் பார்த்தேன். சாய்ந்த தளம் நேரான சுவரில் முட்டுகிற இடமெல்லாம் முக்கோணத் துண்டுகள். ஒரு இடத்தில்கூட நகம் நுழைய இடைவெளி இல்லை.

கூட்டம் கலைந்ததும் தலைவரிடம் போனேன். "தப்பாப் பேசிட்டேன் பாய். மன்னிச்சுக்கங்க. வாரேன்."

"எங்க போறீக?" என்றார். "உங்களுக்கு முன்னாடி நாலு மேஸ்திரி வந்தாக. கோணலா இருக்குன்னு ஒருத்தருக்கும் கண்ணுல படல. படாதவுக கையில குடுத்தா, மாறிப்போனாலும் தெரியாது. நீங்களே போடுங்க. ஆனா இந்தச் சாய்மானம் இம்மி மாறக் கூடாது."

ஒன்றரை மாதம் வேலை. முதல் நாள் காலையில் நூலைக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அது தூணுக்கு நேராக ஓடுகிறது. பழகிய கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவிழ்த்துக் கட்டினேன். சுவரோரத் துண்டுகளை ஆட்களிடம் கொடுக்காமல் நானே வெட்டினேன். பெயர்த்தெடுத்த பழைய துண்டை என்னுடையதன் மேல் வைத்துப் பார்க்க, இரண்டு தடவை என்னுடையதுதான் பிசகியிருந்தது. அந்த ஆள் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை நான் லேசில் யாரைப் பற்றியும் சொல்வதில்லை.

வேலை முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லா மதத்தாரும் வந்து பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஜமாஅத்தில் அழைத்தார்கள். நான் என் மனைவியைக் கூட்டிப் போனேன், விஷயம் எதையும் சொல்லாமல். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்க்கச் சொல்லிப் பழக்கியவன் நான். அவள் தூணை அண்ணாந்து பார்க்கவில்லை. படியேறியதும் குனிந்து பார்த்தாள், முகம் சுளித்தாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "என்னங்க, எந்தப் பாவி இம்புட்டுக் கோணலாப் போட்டிருக்கான்?" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். தலைவரும் கூட்டாளியும் என்னையே பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன், அவளைவிடச் சத்தமாக.