கத்தரி அக்கா தொடாத ஃபைல்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் எழுதித் தள்ளும் நிரல்களைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் வேலைக்குக் கம்பைல் என்று பெயர். அதற்கு ஆகும் நேரத்தையும் அது விழுங்கும் மெமரியையும் குறைப்பது அக்காவின் பொறுப்பு. யாரோ என்றைக்கோ சேர்த்துவிட்டு மறந்துபோன ஃபைல்களைத் தேடிப் பிடித்து வெட்டுவாள். என்னுடையதையும் முகதாட்சண்யம் பார்க்காமல் வெட்டியிருக்கிறாள். "குப்பையைப் போட்டு வைக்க இது என்ன உங்க வீட்டுப் பரணா?" என்பாள்.

ஒரே ஒரு ஃபைலை மட்டும் தொடமாட்டாள். அது எங்களோடு வேலை பார்த்த அவள் கணவர் எழுதியது. ஒருநாள் சாயங்காலம் மகளிடம் ஃபோனில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர், சாலையில் அடிபட்டு வீடு போய்ச் சேரவில்லை. அவர் வாயில் எப்போதும் வரும் வார்த்தை அது. நிரல் ஓடத் தொடங்கியதும் திரையில் முதல் வரியாக அதுவே வரும்படி, அந்த ஃபைலில் விளையாட்டாக எழுதி வைத்திருந்தார்.

மற்ற எல்லா ஃபைல்களும் அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் கம்பைல் ஆகும். மெமரியைத் தின்பது அதுதான் என்று எங்களுக்குத் தெரியும். யார் வாயைத் திறப்பது? கம்பைலைப் போட்டுவிட்டு டீ குடித்து, ஊர்க்கதை பேசித் திரும்பினாலும் முடிந்திருக்காது. அந்த வரி வந்தால் எனக்கு முதுகு சில்லிடும். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்காகக் காத்திருப்பாள்.

நிரல் வளர வளர, மெமரி போதாமல் கம்பைல் பாதியிலேயே நின்றுபோக ஆரம்பித்தது. மேலாளர் பூசி மெழுகிப் பார்த்தார். "பெரிய மிஷினா வாங்கிடலாமாம்மா?"

"வேணாம் சார். எதுன்னு எனக்குத் தெரியும்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஃபைலை அழித்தாள். மற்றவற்றில் அதைக் கூப்பிட்ட வரிகளையும் எடுத்தாள். டீக்கு எழுந்தவர்கள் கதவைத் தாண்டுவதற்குள் கம்பைல் முடிந்துவிட்டது. நிரல் ஓடியது. முதல் வரி வந்தது.

"இதோ வந்துட்டேன்."

எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். "அழிச்சிட்டீங்கதானே அக்கா?"

"அழிச்சிட்டேன்பா." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முன்னாடி கம்பைலான துண்டு பழைய ஃபோல்டர்லயே கிடக்குது. கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டும்போது அதுவும் சேர்ந்து ஒட்டிக்கிச்சு. ஃபோல்டரைத் துடைக்காம விட்டுட்டேன்."

கத்துக்குட்டி செய்யும் தப்பு. நாங்கள் செய்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

"துடைச்சிட்டா?"

"அப்புறம் வரமாட்டார்."

விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் அக்கா என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் ஃபோல்டரைத் துடைத்தாள். மறுபடி கம்பைல் போட்டாள். இந்த முறை நிரல் எதுவும் சொல்லாமல் நேரே வேலையைத் தொடங்கியது. கம்பைல் இப்படிச் சட்டென்று முடியாதா என்றுதான் இத்தனை நாள் ஏங்கினோம், ஆனாலும் யாரும் கைதட்டவில்லை.

சாயங்காலம் அக்கா மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். கை வேலையாக இருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, எப்போ வருவே?"

"இதோ வந்துட்டேன்," என்றாள் அக்கா, பையை எடுத்தபடி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.



"அதை வந்தப்புறம் சொல்லும்மா," என்றாள் மகள்.