யார் வாய் எச்சில்?

மஃபெட்டெங் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் கடையிலிருந்து எவரையும் வாசல் காவலாளி மொலேஃபி நம்பி வெளியே விட்டது கிடையாது. ரசீதை வாங்கிப் பார்ப்பார். பைக்குள் கையை விட்டுத் துழாவுவார். அதற்குப் பிறகுதான் ரசீதில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு விழும். பாதிரியார் வந்தாலும் அதே துழாவல்தான். ஒருமுறை சொந்த மாமியார் குளிருக்குப் போர்த்தி வந்த போர்வையை விரித்துக் காட்டச் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

"இன்னைக்கு இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

நான் அதே கடையில் கல்லாவில் உட்காருகிறவள். பெயர் மா-நேயோ, அதாவது நேயோவின் அம்மா. எங்கள் ஊரில் பெண்ணுக்குத் தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் அதன் பெயர்தான் அவள் பெயரும். மொலேஃபியின் மனைவி மா-புலெங்கும் அப்படித்தான். அவள் மகள் புலெங் எல்லை தாண்டி வேலைக்குப் போய்விட்டாள். கணவனும் மனைவியும் எங்கள் லைன் வீட்டில் அடுத்த அறை. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், அது எனக்குச் சொல்லாத கதை கிடையாது. கள்ளநோட்டு இருக்குமோ என்று ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே வயதாகிவிட்டது எனக்கு. மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். அதனால் மொலேஃபியைப் பற்றி நான் சொல்வதில் காழ்ப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய் இல்லை.

மொலேஃபி சுரங்கத்தில் இருந்த காலத்திலேயே புகையிலையைச் செய்தித்தாள் துண்டில் சுருட்டிக் குடிக்கப் பழகியவர். சுரங்கம் ஆட்களைக் குறைத்தபோது வேலை போயிற்று, சுருட்டு போகவில்லை. எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான். பனிமலை அடிவாரத்தில் கையைச் சூடாக வைத்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

போன வருஷம் தலைநகரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு எங்கள் மருத்துவமனைக்கு வந்தது. புகையை விட நினைக்கிறவர்கள் சேரலாம். மாதம் ஒருமுறை உட்கார வைத்துப் பேசுவார்கள், மெல்லுவதற்கு மருந்து மிட்டாய் கொடுப்பார்கள். குளிர்காலம் முடியும்வரை திரும்பத் தொடாதவர்களுக்கு நல்ல கம்பளிப் போர்வை ஒன்று உண்டு. அந்தக் குழுவில் தெபெல்லோ என்று ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் படித்தவள், சிரித்த முகம்.

ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஆதாயம் இல்லாமல் எவன் ஆற்றோடு போவான்? நாம் ஒன்றை விட்டதற்கு இன்னொருவர் எதற்குப் போர்வை தரவேண்டும்? இரத்தத்தை விற்கிறார்கள் என்றார்கள் சிலர். ஊர்ப்பெயரைச் சொல்லி வெளிநாட்டில் காசு வாங்குகிறார்கள் என்றார்கள் சிலர். நானும் அந்தச் சிலரில் ஒருத்திதான். எல்லோரையும்விட அதிகம் சந்தேகப்பட்டவர் மொலேஃபி. முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவரும் அவரே.

"என்ன அண்ணே, நீங்களே போயிட்டீங்க?" என்று கேட்டேன்.

"வெளிய நின்னுக்கிட்டு எவனாவது திருடனைப் பிடிச்சிருக்கானா? உள்ள போயிப் பாத்தாத்தான் தெரியும்."

நியாயத்தைச் சொல்லவேண்டும், அவர் உண்மையாகவே விட்டார். வறுத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டே கடைவாசலில் நின்றார். கடுகடுவென்று இருந்தார், ஆனால் விட்டார். மருத்துவமனைச் சுவரில் அவர் படத்தை மாட்டினார்கள். அதோடு ஆளே மாறிவிட்டார். பை சோதித்தது போதாதென்று எங்கள் கடை ஆட்களின் வாயையும் சோதிக்க ஆரம்பித்தார். "ஊது பாப்போம்" என்பார். "உன் நுரையீரல் உன் சொத்துன்னு நெனச்சியா, அது உன் குடும்பச் சொத்து" என்று தெபெல்லோ சொன்னதை அவள் குரலிலேயே சொல்லுவார். இறைச்சி வெட்டும் பையன்கள் அவரைக் கண்டால் பின்வாசல் வழியாக ஓடினார்கள்.

ஜூன் பிறந்தது, எங்கள் ஊருக்கு அதுதான் குளிர்காலம். மலையில் பனி விழுந்தது. ஒருநாள் என் சுவர் வழியாக அந்த வாசனை வந்தது.

"அண்ணே, நேத்து உங்க பக்கத்துலேருந்து ஏதோ வாசம் வந்துச்சே?"

"மண்ணெண்ணெய் அடுப்பு."

"அடுப்பு புகையிலை போட்டா எரியுது?"

"உன் மூக்கை உன் கல்லாவுக்குள்ள வெச்சுக்க, மா-நேயோ."

குழாயடியில் மா-புலெங் எல்லாவற்றையும் கொட்டினாள். படம் மாட்டிய ஆள் தெருவில் நின்று குடிக்க முடியுமா? கதவைச் சாத்தி, கதவடியில் சாக்கைச் செருகி, சன்னல் இடுக்கில் பழந்துணியை அடைத்துவிட்டு, அந்த ஓர் அறைக்குள் உட்கார்ந்து குடிக்கிறாராம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு. மா-புலெங் அந்த இருட்டுக்குள்தான் களி கிண்டினாள், அங்கேதான் படுத்தாள்.

"முன்னயாவது வாசல்ல நின்னு குடிப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் டிபி எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. இருமலின் சத்தம் எங்களுக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன்.

"போறேன், போறேன்."

அப்போதுதான் குழுவினர் ஆளுக்கு ஒரு நீலமூடி பாட்டில் கொடுத்தார்கள். காலையில் வாய் கொப்பளிக்கும் முன் எச்சிலைத் துப்பிக் கொண்டுவர வேண்டும். புகையிலை தொட்டவர் எச்சிலில் அதன் தடயம் இருக்குமாம். இவ்வளவு படித்தவர்கள் எச்சிலை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்களே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். வாழ்நாளெல்லாம் வாசலைக் காத்த மனிதருக்குக் காவலில்லாத வாசல் ஒன்று கண்ணில் பட்டால் விடுவாரா? வேலியே பயிரை மேய்ந்தது. அந்தக் காலைப் பேச்சு சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"இந்தா, இதுல துப்பு. உன் இருமலுக்குப் பாக்கணும்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க."

"என்னை வரச் சொல்லாம எச்சிலை மட்டும் கேக்கறாங்களா?"

"அங்க கூட்டம் ஜாஸ்தி."

"சளியா, எச்சிலா?"

"எது வருதோ அது. துப்பு மொதல்ல."

"டிபின்னு வந்துட்டா என்ன செய்யறது, புலெங் அப்பா?"

"வந்தா சொல்லுவாங்க. நேரமாச்சு."

அன்று குழாயடியில் மா-புலெங்கின் முகம் மலர்ந்திருந்தது. "என் இருமல் அவரு காதுல விழவே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்காக அவரே பாட்டில் வாங்கிட்டு வந்திருக்காரு, பாரேன்" என்றாள். மொலேஃபி அடுத்தவருக்காக எதையும் சுமந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டிலின் மேல் அவர் தன் பெயரை ஒட்டிக் கொடுப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மருத்துவமனையில் நடந்ததைப் பின்னால் தெபெல்லோ சொன்னாள். எச்சிலில் ஒரு தாள்பட்டையை முக்கினார்களாம். பட்டை லேசாக நிறம் மாறியது. "ஐயா, இதுல புகையிலை இருக்கே" என்றிருக்கிறாள்.

மொலேஃபி ஆடிப்போய்விட்டார். "இருக்கவே முடியாது!" என்று கத்தியிருக்கிறார். அந்தக் கத்தலில் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. அவரைப் பொறுத்தவரை அது புகையிலையே தொடாத ஒருத்தியின் எச்சில். அவர் முகத்தில் இருந்த அதிர்ச்சியைப் பார்த்து, இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று தெபெல்லோ நம்பிவிட்டாள். மிச்ச எச்சிலைத் தலைநகருக்கு அனுப்பி, பெரிய இயந்திரத்தில் அளந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தவரிடம் மா-புலெங் ஆவலாகக் கேட்டாள். "என் எச்சிலைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"சுத்தம். ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்றதும் அவள் மருத்துவமனைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டாள். குளிருக்கு வந்த இருமல் குளிரோடு போய்விடும் என்று என்னிடமும் சொன்னாள்.

மொலேஃபிக்கு வேறு கவலை. பெண்டாட்டி வாயில் புகையிலை எப்படி வந்தது? தனக்குத் தெரியாமல் குடிக்கிறாளா? வியாழக்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்துக் கிழவிகளோடு சேர்ந்து மூக்குப்பொடி போடுகிறாளா? இல்லை, சுருட்டு வாசனையுள்ள வேறு எவனாவது இருக்கிறானா? கள்ளனுக்குக் கண்டவரெல்லாம் கள்ளர்தான். அவள் போர்வையை மோந்து பார்த்தார். தலைத்துணியை மோந்து பார்த்தார். எல்லாவற்றிலும் புகையிலை வாசம் அடித்தது. அடிக்காதா பின்னே? எவ்வளவு மோந்தாலும் தன் நாற்றம் தனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு அவள் போனால் பின்னாலேயே போய் மாதாகோவில் வேலியோரம் நின்றார். அவளோ, இந்த ஆள் ஏன் இப்படி அலைகிறார், எவளையோ வைத்துக்கொண்டு என்னிடம் குற்றம் தேடுகிறாரா என்று என்னிடம் கேட்டாள். ஓர் அறைக்குள் இரண்டு பேர், இரண்டு சந்தேகம், நடுவில் அந்தப் புகை.

என்னையும் அவர் விடவில்லை. "மா-நேயோ, ஒளிக்காமச் சொல்லு. அவ பொடி வாங்கறாளா?"

"உங்க வீட்டுல புகையிலை வாங்கற ஆளு ஒருத்தருதான் அண்ணே. அது யாருன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை. கடையில் கூட்டம். மா-புலெங் சோளமாவு வாங்கி, என்னிடம் கணக்கு முடித்து, வாசலுக்குப் போனாள். மொலேஃபி அவளை மறித்தார். கட்டிய மனைவியின் பையை அத்தனை பேர் முன்னால் கவிழ்த்தார். மாவுப் பொட்டலத்தோடு, அவள் வீட்டிலிருந்தே பைக்குள் போட்டுவந்த ஒரு சின்னத் தகர டப்பாவும் வந்து விழுந்தது. அவர் கண் பளபளத்தது.

"இது என்ன? பொடிதானே? பொடிதானே?"

மூடியைத் திறந்து, மூக்கோடு வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது நெஞ்சில் தடவும் தைலம். வரிசை மொத்தமும் சிரித்தது. "நல்லா இழு அண்ணே, சளி எறங்கட்டும்!" என்றான் இறைச்சிப் பையன் ஒருவன்.

மா-புலெங் சிரிக்கவில்லை. "நெஞ்சு வலிக்குது. தடவிக்கறேன். அதுக்கும் ரசீது வேணுமா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ரொட்டி வாங்க வந்திருந்த தெபெல்லோ சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தாள். "ஐயா, உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். நல்ல சேதி. கொஞ்சம் தனியா வர்றீங்களா?"

அவமானப்பட்டு நின்றவருக்கு நல்ல சேதி என்ற சொல் போதுமாயிருந்தது. "இங்கேயே சொல்லும்மா. எனக்கு ஒளிவுமறைவு கெடையாது. எல்லாரும் கேக்கட்டும்" என்றார் உரக்க.

"உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கங்க ஐயா. உங்க எச்சில்ல இருந்தது ரொம்பக் கொஞ்சம். குடிக்கிறவங்களுக்கு அவ்வளவு கொறைச்சலா இருக்காது. குடிக்கிறவங்க பக்கத்துல உக்காந்து அந்தப் புகையைச் சுவாசிக்கிறவங்களுக்குத்தான் இப்படி இருக்கும். உங்க வீட்டுல யாரோ நெறைய குடிக்கிறாங்க. அது உங்க நெஞ்சையும் சேத்து அரிக்குது. உங்களுக்கு இருமல் இருக்கா?"

மொலேஃபி தன் கையில் இருந்த தைல டப்பாவையே பார்த்தார்.

"எந்த எச்சில், தங்கச்சி?" என்று கேட்டாள் மா-புலெங்.

"ஐயா பாட்டில்ல கொண்டுவந்தாரே, அதுதான் அக்கா."

"நீல மூடி போட்டதா?"

"ஆமா."

மா-புலெங் கணவரைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவரை அவள் 'நீங்க' என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

"என் நெஞ்சைப் பாக்கத்தான்னு சொன்னே. சுத்தம்னு சொன்னே. அப்ப என் நெஞ்சை யாரு பாத்தாங்க?"

எழுந்து போய் அந்த ஆளை அறைந்திருப்பேன், கல்லா திறந்து கிடந்தது. தெபெல்லோவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு, மா-புலெங்கின் கையைப் பிடித்து நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மொலேஃபி கூடவே ஓடினார்.

அங்கே புதுப் பாட்டில் கொடுத்தபோது, "குடு, நான் பிடிச்சுக்கறேன்" என்று கையை நீட்டியிருக்கிறார். அவள் கொடுக்கவில்லை. இந்த முறை நெஞ்சிலிருந்து இருமி, சளியாகவே துப்பி, தெபெல்லோவின் கையில் தானே கொடுத்திருக்கிறாள்.

டிபிதான். குளிர்காலத்தின் பெரும்பகுதி வீணாய்ப் போயிருந்தது. முன்பே வந்திருந்தால் ஒரு பக்க நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்றார் டாக்டர். மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இப்போதும் குழாயடியிலிருந்து வாளியோடு வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டுத்தான் வருவாள். மொலேஃபியின் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். போர்வை வரவில்லை. சுவரில் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. இப்போதெல்லாம் எல்லோரும் தெபெல்லோ முன்னால் நின்றுதான் துப்ப வேண்டும். போர்வைக்காகப் பின்னால் வந்து சேர்ந்தவர்களில் பாதிப்பேரைக் காணோம்.

மொலேஃபி மறுபடி விட்டுவிட்டதாகச் சொல்கிறார். சுவர் வழியாக வாசனை வரவில்லை, அதையும் நான் சொல்லவேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து அவர் வரும்போது மா-புலெங் கதவருகே எழுந்து நிற்பாள். அவள் கேட்காமலே அவர் இரண்டு கையையும் தூக்குவார். அவள் சட்டைப்பையைத் துழாவுவாள், போர்வையை உதறுவாள், தொப்பியைத் திருப்பிப் பார்ப்பாள்.

"ஊது" என்பாள்.

ஊதுவார். ஒன்றும் இருக்காது. அப்போதும் அவள் முகம் தெளியாது.

"இன்னைக்கு இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வழியை விடுவாள்.