மலைக்குத் தனியாகப் போகப் பூக் கேட்டோம்

மேல்மலையில் இரண்டு ராத்திரி தனியாகத் தங்கி மீன் பிடிப்பது என்று முடிவு செய்தபோது, வீட்டில் சொல்வதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன். மற்றதெல்லாம்தான் சிக்கலாக இருந்தது. காட்டுக்குள் கூடாரம் போட விடமாட்டார்கள். மீன்வளத் துறை ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்காமல் ஓடையில் தூண்டில் போட முடியாது. நல்லவேளையாக என்னோடு காலேஜில் படித்தவன் ஒருவனுக்கு நீலகிரியில் குந்தாப் பக்கம் கேரட் தோட்டம் இருந்தது. தோட்டத்தின் கடைசி மேட்டில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம், கீழே இறங்கினால் ஓடை என்றான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூட்டையைச் சுமந்துகொண்டு தேயிலைக்கு நடுவே அரைநாள் நடை. பெரிய மலையேற்றம் இல்லை. என்னைப்போலப் புதிதாகப் போகிறவன் தாங்கக்கூடிய தூரம்தான்.

எங்கள் வீடு கருமத்தம்பட்டியில், தறி ஷெட்டை ஒட்டி இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு தறியில் நின்றான். அதனால்தான் நான் படித்தேன். இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அண்ணன் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, தறி ஓடாத நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு காரமடை தாண்டிப் பவானிக் கரைக்குப் போய் மீன் பிடிப்பது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு காலையில் போனான். சில நாள் கழித்துக் கீழே ஒரு கரையில் ஒதுங்கினான்.

பைக்கும் தூண்டிலும் அவன் வைத்த இடத்திலேயே இருந்தன. நான்தான் போய் எடுத்து வந்தேன். முள் சுத்தமாக இருந்தது. டப்பா நிறையப் புழு அப்படியே இருந்தது. வழுக்கி விழுந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். நாங்களும் கேட்கிறவர்களிடம் அதையேதான் சொல்லிவருகிறோம்.

அதற்கப்புறமும் மீன் பிடிக்க ஏன் ஆசைப்பட்டேன் என்றால், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் ஓரத்தில் ஒருத்தன் தனியாக உட்கார்ந்திருந்தால் அவனுக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. தெரிந்துகொண்டு எழுந்து வந்துவிடவேண்டும். அவ்வளவுதான். பவானிக்குப் போக மனசு வரவில்லை. மலை மேலே, முழங்கால் அளவு ஓடையில், ட்ரவுட் மீன் என்று கேள்விப்பட்டதும் பிடித்துக்கொண்டேன்.

தயாரிப்பை ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோலச் செய்தேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். முதுகுப் பையில் கனத்துக்காகத் தறி நூல் கோன்களை அடுக்கிக்கொண்டு விடியற்காலையில் அவினாசி ரோட்டில் நடந்தேன். சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் அண்டாவை வைத்து, எட்ட நின்று தூண்டிலை வீசி அதற்குள் விழவைக்கப் பழகினேன். பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வரும்போதெல்லாம் கேலி பண்ணாமல் விடமாட்டார்.

"ஏனுங் கண்ணு, இன்னைக்கு அண்டாவுல நெத்திலியா, கெளுத்தியா?"

"இன்னும் கடிக்கலீங்க்கா."

"கடிச்சா எங்கூட்டுக்கு ஒரு துண்டு குடுத்துப்போடு. கொழம்புக்கு மொளகு வறுத்து வெச்சுக்கறேன்."

அம்மா கீழே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சிரிக்கமாட்டாள். ராகி மாவையும் வறுத்த பருப்புப் பொடியையும் வெந்நீரில் கரைத்துக் குடித்து இரண்டு நாள் இருக்க முடியுமா என்று பார்ப்பதற்காக வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினேன். கூடாரத்துக்குள் தூக்கம் வருகிறதா என்று பார்க்க மாடியில் படுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எனக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணங்களை அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

தனியாகப் போகிறவன் கட்டாயம் செய்யவேண்டியது ஒன்று உண்டு என்று பார்த்த வீடியோவில் எல்லாம் சொன்னார்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதை வீட்டில் ஒருவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். நான் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் போனில் சிநேகிதன் நம்பரையும் போலீஸ் ஸ்டேஷன் நம்பரையும் போட்டுக் கொடுத்தேன். "ஞாயித்துக்கெழம பொழுது உழுகறவரைக்கும் பாருங்க. எங்கிட்டருந்து போன் வல்லீன்னா மொதல்ல இவனக் கூப்புடுங்க. அவன் வந்து தேடுவான்" என்றேன். பேச்சோடு பேச்சாக, கரண்ட் பில்லை போனிலேயே எப்படிக் கட்டுவது, பைக் ஆர்சி எந்த டிராயரில் இருக்கிறது, தறி ஷெட்டின் இன்னொரு சாவி எங்கே என்பதையும் காட்டிவிட்டேன். இரண்டு நாள் நான் ஊரில் இல்லையென்றால் இதெல்லாம் தேவைப்படலாமே என்றுதான்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். நம்பர் எது எது என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் பையில் கூடாரக் கயிறு இல்லை. மீன் சுத்தம் செய்ய வாங்கிய கத்தியும் இல்லை. வீடெல்லாம் தேடினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் போய்விட்டு வந்தால், அன்னூரிலிருந்து மாமா வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அப்புறம் எங்கள் வீட்டில் எதையும் முன்னின்று செய்கிறவர் அவர்தான்.

"மாப்பள, கவுரு கத்தியெல்லாம் எங்கூட்டுல பத்திரமா இருக்குது. உங்கம்மா பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போனா."

"எதுக்குங் மாமா?"

"எதுக்கா? படிச்சவனாட்டப் பேசறயா, இல்ல தெரியாத மாதிரி கேக்கறயா? சோறு திங்கறதில்ல. மாடில போயிப் படுத்துக்கற. சாவிய எல்லாம் ஒப்படைக்கற. யாருங் கூட வேண்டாம், நான் மட்டும் போறேங்கற. ஏன்டா, இன்னும் என்ன பாக்கி வெச்சிருக்கற?"

அப்போதுதான் என் திட்டத்தை அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றுவிடாமல் பொருந்தியது.

"மீன் புடிக்கத்தானுங் மாமா போறேன்."

அண்ணனும் மீன் பிடிக்கத்தான் போனான். அதை மாமா சொல்லவில்லை. "செரி, நீ சொல்றதும் வேண்டாம், நாஞ் சொல்றதும் வேண்டாம். ஆத்தா கோயில்ல பூக் கேட்டுப்போடலாம். வெள்ளப்பூ வந்தா நானே கொண்டாந்து பஸ் ஏத்தி உடறேன். செவப்பு வந்தா அந்தக் கூடாரத்த அடுப்புல போட்டுரு" என்றார்.

எங்கள் பக்கத்தில் பொண்ணு பார்ப்பதற்கு, கிணறு வெட்டுவதற்கு, தறி போடுவதற்கு எல்லாம் குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளி ஒரு பொட்டலத்திலும் ஒரே மாதிரி மடித்து, சாமி காலடியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால், அந்த வாரம் இருந்தது. அம்மாவின் பயத்தை நான் பேசிப் போக்க முடியாது. ஆத்தா போக்குவாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை போனோம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். அம்மாதான் பிரித்தாள். வெள்ளை. மாமா பெரிதாக மூச்சு விட்டார். "பாத்தியா? ஆத்தாளே போடாங்கறா!" என்று என் முதுகில் அடித்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார். என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

அம்மா பிரித்த பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பூ குடுத்துருச்சில்லீங்கம்மா. அப்பறம் என்னங்க?"

"உங்கொண்ணங் கல்யாணத்துக்கும் இங்கதான் பூக் கேட்டேன் சாமி. நானும் மாமனும் மட்டும் வந்து. வெள்ளப்பூவுதான் வந்துச்சு. அடுத்த மாசத்துலயே அவன் போயிட்டான்."

இது எனக்குத் தெரியாது. மாமாவும் சொன்னதில்லை. இந்த முறை பூக் கேட்கலாம் என்று அவர் சொன்னபோது அம்மா ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது புரிந்தது.

"அம்மா, நான் திரும்பி வரத்தானுங்க போறேன்."

"அவனும் போயிட்டு வாரேன்னுதாஞ் சொன்னான்."

"செரி, நான் போகுல. உட்டுருங்க."

"போகாட்டி?" அம்மா முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஊட்டுலயே இருப்ப. மாடி இருக்குது. தறி ஷெட்டு இருக்குது. நா எங்கன்னு காவல் இருக்கறது? நீ போ கண்ணு. நா வேண்டாங்குல. ஆனா நானும் வாரேன்."

"அங்க நீங்க என்னங்க பண்ணுவீங்க? குளுரும். நான் மேட்டுல கூடாரத்துல இருப்பேன்."

"நீ எங்கயோ இரு. நா உங்கூட வந்து ஒக்காரமாட்டேன். கீழ எங்கியாச்சும் இருந்துக்கறேன்." பிரித்த பொட்டலத்தைத் திரும்ப மடித்துக்கொண்டே சொன்னாள். "அவன ஆஸ்பத்திரீலருந்து நேரா சுடுகாட்டுக்கே கொண்டு போயிட்டீங்க. மொகத்தயாச்சும் காட்டுங்கன்னு கேட்டேன். பாக்கற மாதிரி இல்லீன்னாங்க. எனக்குப் பாக்கற மாதிரி இருக்குமா இருக்காதான்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்? இந்தத் தடவ நா பக்கத்துலயே இருந்துக்கறேன். என்னன்னாலும் மொதல்ல நாந்தான் பாக்கோணும்."

மாமா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். நாங்கள் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் அவர் ஊட்டிக் குளிரைப் பற்றியும், ட்ரவுட் மீனுக்கு முள் எச்சா கம்மியா என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் சாகமாட்டேன் என்று அம்மாவிடம் எப்படி நிரூபிப்பது? திரும்பி வந்தால்தான் அது முடியும். திரும்பி வந்தாலும், அந்த ஒரு தடவைக்குத்தான் அது செல்லும்.

வீட்டுக்கு வந்ததும் சிநேகிதனைக் கூப்பிட்டேன். தோட்டத்துக்குப் பக்கத்தில் வேலைக்காரர்கள் தங்குகிற வரிசை வீடுகள் இருப்பதாக முன்பே சொல்லியிருந்தான். அதில் ஒரு அறை காலியாக இருக்குமா, மேட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரமா என்று விசாரித்தேன்.

"கேக்கும்டா. வேணும்னா வெந்நி வெக்க வெறகும் அடுக்கி வெச்சர்றேன். யாரு வர்றாங்க?"

"அம்மா."

"அட, சூப்பர்டா! அம்மா மலையெல்லாம் சுத்திப் பாக்கணும்னு சொன்னாங்களா?"

அடுக்களையில் அம்மா ஸ்வெட்டரை உதறும் சத்தம் கேட்டது.

"ஆமாடா" என்றேன்.