வெளியேறும் வாசல் வழியாக ஒரு மேட்னி

என் மாமனார் திருத்தங்கலில் இருக்கிறார். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். "எம்.ஏ. படிச்சவன் என்னத்தப் பொழைக்கப் போறான்" என்று என் கல்யாணப் பந்தியிலேயே சொன்னவர், அதை நான் மறக்கவில்லை. பக்கவாதம் வந்த பிறகு வாக்கர் பிடித்து மெதுவாக நடப்பார், படி ஏற முடியாது. ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

2006 மே மாதம், மகள், அதாவது என் மனைவி, கெஞ்சியதால் படம் பார்க்கச் சம்மதித்தார். கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில். அவருக்கு ஒரே நிபந்தனை: "யாராச்சும் தூக்குனீகன்னா அதோட சரி மாப்ளே. இனிமே எங்கயும் கூப்பிடாதீக."

விருதுநகரிலிருந்து சிவகாசி பஸ்ஸில் திருத்தங்கலுக்கு முக்கால் மணி நேரம், எட்டு ரூபாய். அங்கிருந்து சிவகாசி தியேட்டருக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். நான் இறங்கிப் பார்த்தால் முன்வாசலில் ஏழு பளிங்குப் படிகள். கைப்பிடி கிடையாது. கட்டியவர் வீட்டில் யாருக்கும் வயதே ஆகாது போலிருக்கிறது. மாமா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார்.

எந்தக் கட்டடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிக் குறை பார்க்காமல் நான் திரும்புவதில்லை. ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு அப்படிச் சுற்றியபோது பக்கவாட்டில் ஒரு அகலமான கதவைப் பார்த்தேன். வெளிப்பக்கம் திறப்பது. படி இல்லை, தரை அப்படியே சரிந்து தெருவில் சேர்கிறது. வருகிறவனை வதைத்துவிட்டுப் போகிறவனுக்கு ஏன் இவ்வளவு கரிசனம்? மேனேஜரிடமே கேட்டேன்.

"மொதலாளி பட்டாசு கம்பெனிக்காரரு சார். வெடிமருந்து ரூம்ல வாசப்படி இருந்தா ஓடுறப்போ தடுக்கும்ல? அதே மாதிரி இங்கயும் கட்டச் சொல்லிட்டாக."

உயிருக்குப் பயந்து ஓடுகிறவனுக்காக யோசித்த வாசல், நடக்க முடியாதவருக்கும் சரியாக இருந்தது. ஆனால் படம் முடிந்தால்தான் அந்தக் கதவைத் திறப்போம் என்றார் மேனேஜர். சண்டையில் நான் சளைத்தவனில்லை. பத்து நிமிடத்தில் அவரே டிக்கெட்டை முன்வாசலில் கிழித்துக்கொண்டு, பக்கக் கதவைத் திறந்துவிட்டார். மாமா தன் காலாலேயே நடந்து போய் ஓரச் சீட்டில் உட்கார்ந்தார்.

படம் முடிந்ததும், கூட்டம் போகட்டும் என்றேன். கேட்கவில்லை. எழுந்து நடுவில் புகுந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "முன்னால என்னலே, லோடு எறக்குறாகளா?"

மாமா திரும்பாமலே சொன்னார்: "ஆமாலே, பழைய லோடு. பைய வா."

சிரித்தார்கள். பையத்தான் வந்தார்கள்.

பெரியவர்களோடு போகிறவர்கள் மேட்னிக்குப் போங்கள், கூட்டம் குறைவு. அரை மணி முன்னதாகப் போய்ப் பக்கக் கதவைக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் சண்டை போடுங்கள். கழிப்பறைக்கு மூன்று படி உண்டு, அதற்கு மாற்று வழி இல்லை. அதற்குப் பயந்தே மாமா இடைவேளையில் காபி குடிக்கவில்லை.

திரும்பும்போது, அடுத்த படம் எப்போது போடுவார்கள் என்று விசாரித்தார். சொல்லியனுப்பினால் விருதுநகரிலிருந்து வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்கு மாப்ளே அம்புட்டுத் தூரம்? வாசல்தான் எனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல."